செம்பலோ அம்மாவும் இருபத்தொரு சீலைகளும்

விரல் நுனிகளைக் கத்தரித்து எறிந்த ஒரு சோடிச் சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண், பியானோவுக்கு ஒன்றுவிட்ட தங்கை போலிருந்த ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். மூச்சு விடும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து புகை போனது. நான் தும்புத்தடியைப் பிடித்தபடி சேர்ச் வாசலில் நின்றேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிஸுக்கு வந்து எனக்கு இரண்டாவது குளிர்காலம். பியானோவின் சத்தம் எனக்குத் தெரியும், வானொலியில் கேட்டிருக்கிறேன். இது வேறு. பத்து வீணைகளை ஒரே நேரத்தில், அதுவும் அவசர அவசரமாக மீட்டினால் வருமே, அப்படியொரு சத்தம். அடேயப்பா! கூட்ட வந்த இடத்தைக் கூட்டாமல் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். காலிரண்டும் விறைத்துப் போனதை வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்தேன்.

நான் யாரென்று சொல்லவில்லையே. யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே ஊஸ்டர் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடியில் மனைவியோடு குடியிருந்தேன். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் எப்போது வருமென்று தெரியாமல் காத்திருந்த காலம். வார நாட்களில் காலையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவேன். பின்னேரமும் சனி ஞாயிறும், பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் போய் ஒரு சிற்றூரின் சேர்ச்சில் வேலை. சேர்ச்சைத் திறந்து மூடி, மணியடித்து, கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்கிறவரை இங்கே சிக்ரிஸ்ட் என்பார்கள். அந்த ஊர் சிக்ரிஸ்ட் பனியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதால், அவர் வேலை முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது. காலையில் கோப்பை, பின்னேரம் கோயில் என்று மனைவி பகிடி பண்ணுவாள். எனக்கோ சும்மா இருக்கவே தெரியாது. ஒன்றைச் சொன்னால் இரண்டைச் செய்வேன். இந்தக் குணத்தால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

அந்த வாத்தியத்தின் பெயர் செம்பலோ. அதனால் எங்கள் அடுக்குமாடித் தமிழர் எல்லோருக்கும் அவர் செம்பலோ அம்மா ஆகிவிட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். பியானோ படித்தவர், பரிசுகள் வாங்கியவர். ஒருநாள் ஏதோ ஒரு பழைய கோட்டையில் ஒருவர் செம்பலோ வாசிக்கக் கேட்டாராம். வீட்டுக்கு வந்து பியானோவின் மூடியைச் சாத்தினாராம், சரி, அவ்வளவுதான். அவருடைய தாயார் ஒரு மாதம் அழுதாராம். "அம்மா அழுததில் நியாயம் இருந்தது, ஏனென்றால் பியானோவுக்கு வேலை உண்டு, செம்பலோவுக்கு வேலை கிடையாது" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். வயிற்றுப்பாட்டுக்கு அந்த ஊர்ச் சேர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர்கன் வாசித்தார், கிழமை நாட்களில் பிள்ளைகளுக்குக் குழல் சொல்லிக்கொடுத்தார். மீதி நேரமெல்லாம் முன்னூறு வருஷத்துக்கு முந்திய இசைதான். தன்னைப் போலவே அந்தப் பித்துப் பிடித்த ஆறு பேரைத் தேடிப் பிடித்து ஒரு குழுவும் அமைத்திருந்தார். பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய சிரிப்பும் கொண்ட செல்லோக்காரர் ஒருவர் அதில் இருந்தார். மற்றவர்கள் வயலின், குழல் என்று ஒவ்வொன்று. அந்த ஏழு பேருக்கும் செம்பலோ அம்மாதான் தலைமை. கையில் கோல் கிடையாது. வாசித்துக்கொண்டே தலையை ஒரு வெட்டு வெட்டுவார், இடது தோளைச் சற்றுத் தூக்குவார், ஏழு பேரும் ஒரே மூச்சில் புறப்படுவார்கள். அந்தத் தலைவெட்டைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் உட்காரும் முன்வரிசை வாங்குகளை நான் திரும்பத் திரும்பத் துடைத்திருக்கிறேன்.

ஒருநாள் அவருடைய இசைத்தாளை எட்டிப் பார்த்தேன். இடது கைக்கு மட்டும்தான் எழுதியிருந்தது. அதன்மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில இலக்கங்கள்: ஆறு, நான்கு, ஏழு. வலது கைக்கு ஒன்றுமேயில்லை, வெறுந்தாள். "மிச்சம் எங்கே?" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டேன். "மிச்சம் அன்றன்றைக்கு, இங்கே" என்று விரல்களை ஆட்டிக் காட்டினார். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். எந்த இடத்தில் எது பொருந்தும் என்று இலக்கம் குறிப்புத் தரும். என்ன வாசிப்பது என்பது வாசிக்கிறவர் பாடு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதைத்தானே எங்கள் ஆட்கள் பாட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள்! சின்ன வயதில் மூன்று வருஷம் நானும் வயலின் படித்தவன்தான், என் வாத்தியார் தகப்பனாரிடம் வந்து "இவனை விட்டுவிடுங்கோ, பாவம்" என்று கேட்டுக்கொள்ளும் வரை. கைதான் வரவில்லை. காது எனக்கு நன்றாகவே இருந்தது.

இன்னொரு விஷயம். இவர்கள் எல்லா வாத்தியங்களையும் இன்றைய சுருதியைவிட அரைப்படி இறக்கித்தான் வைப்பார்கள், பழைய வழக்கம் அது. ஊர்க்காரர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் கச்சேரி முடிந்ததும் வந்து, "உங்கள் வாத்தியம் எல்லாம் கீழே நிற்கிறது, யாரிடமாவது கொடுத்துச் சரிபாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். செம்பலோ அம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் சும்மா இருப்பேனா? எங்கள் ஊரில் பாடுகிறவருக்கு எது வசதியோ அதுதான் சுருதி, அதை ஏனென்று கேட்கிறவன் கிடையாது என்று கையையும் காலையும் ஆட்டி விளங்கப்படுத்தினேன். அவர் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து என் பெயருக்கு முன்னால் 'ஹெர்' சேர்த்துக் கூப்பிடத் தொடங்கினார். இந்த நாட்டில் என்னை மரியாதையாகக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்.

ஆனால் கச்சேரிக்கு ஆட்கள் வரவில்லை. அந்த மார்கழியில் நான் எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். அதிலும் இரண்டு வயதான பெண்கள் "முழங்கால் விறைக்கிறது" என்று இடைவேளையில் எழும்பிப் போய்விட்டார்கள். அடுத்த கிழமை, சேர்ச்சுக்குப் பக்கத்திலிருந்த சபை மண்டபச் சமையலறையில் தேநீர் போட்டுக் கொடுத்தபோது செம்பலோ அம்மா விஷயத்தைச் சொன்னார். வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முழுநேரச் சங்கீத ஆசிரியர் வேலைக்கு அவரைக் கேட்டிருக்கிறார்கள். வசந்தத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதை எடுத்தால் ஒத்திகைக்கு நேரம் கிடையாது, குழு கலையும். எடுக்காமல் விட்டாலோ, இனி இந்த ஆறு பேரையும் வெறும் நம்பிக்கையில் கட்டி வைத்திருக்க முடியாது. ஒரே ஒரு வழிதான் மிச்சம். வானொலியிலிருந்து ஒருவர் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை கச்சேரிக்கு வருவதாக எழுதியிருந்தார். அவருக்குப் பிடித்தால் ஒலிப்பதிவு, ஒலிபரப்பு. "பிடிக்காவிட்டால்?" என்று கேட்டேன். "பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமையே நான் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதிவிடுவேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. கோப்பை கழுவுகிற சாக்கில் நான்தான் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. கச்சேரி பின்னேரம் ஐந்து மணிக்கு. செம்பலோவை முதல்நாளே சுருதி சேர்த்துவிட்டு, "ஹீட்டர் பத்து டிகிரியிலேயே இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம்" என்று எனக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏனென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சேர்ச்சுகளில் எரிபொருளை மிச்சம் பிடிப்பார்கள், அதற்காகத்தான் என்று நானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டேன்.

காலை ஏழரைக்குப் போய்க் கதவைத் திறந்தால், உள்ளே ஐஸ்பெட்டி. எனக்கு மனம் கேட்கவில்லை. வானொலியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். அவரை இந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் இருத்தி வைப்பதா? எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி நடுங்கிக்கொண்டிருந்தால் யாருக்கு வெட்கம்? முழங்கால் விறைத்து எழும்பிப் போன அந்த இரண்டு பெண்களும் கண்ணுக்குள் நின்றார்கள். காலையில் நன்றாகச் சூடாக்கிவிட்டால் சூடு கல்லுக்குள் ஏறி நிற்கும், அவர் வருவதற்குள் நிறுத்திவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். பதினொரு மணிக்கெல்லாம் சேர்ச்சுக்குள் யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதம்! நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வாங்கு துடைத்தேன். பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினேன். உள்ளே தூசி கருகிய மணம் அடித்தது, அதற்காகக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அரைமணி நேரம் திறந்தும் வைத்தேன். எவ்வளவு மூளை பாருங்கள். ஏற்றிய சூடும் போய்விட்டது.

ஒரு மணிக்குச் செம்பலோ அம்மாவும் செல்லோக்காரரும் வந்தார்கள். அம்மா கையுறையைக் கழற்றாமலே செம்பலோவில் ஒரு தட்டுத் தட்டினார். ஐயோ! அதை எப்படி எழுதுவது? அரிவாளைக் கல்லில் தீட்டும்போது பல் கூசுமே, அப்படிக் கூசியது. முதல்நாள் தேனாக இருந்த வாத்தியம். அவர் சுருதிச் சாவியை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் திருகத் தொடங்கினார். இந்தப் பக்கம் சேர்த்துவிட்டு அந்தப் பக்கம் போவதற்குள் இது இறங்கிவிடும். கால் மணி நேரம் போராடினார். பிறகு குனிந்து, கைவிளக்கை அடித்து, கம்பிகளுக்கு அடியிலிருந்த பலகையைப் பார்த்தார். அதிலே மயிரிழை போல ஒரு கோடு. அது பழைய கோடா புதிய கோடா என்று இருவரும் மெல்லிய குரலில் கதைத்தார்கள். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இரத்தமில்லை.

"பலகை வெடித்துவிட்டது" என்றார். "வேறு காரணம் எதுவுமே இல்லை. நேற்று நன்றாக இருந்தது, யாரும் தொடவில்லை. வானொலிக்காரர் வீட்டிலிருந்து கிளம்புவதற்குள் தொலைபேசி எடுத்து வேண்டாமென்று சொல்கிறேன்."

செல்லோக்காரர் அவர் தோளில் கைவைத்தார். செம்பலோ அம்மா சபை மண்டபத்துத் தொலைபேசியை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

நான் தூணோடு தூணாக நின்றேன். வாயைத் திறந்தால் வேலை போகும். வேலை போனால், என் அகதி விண்ணப்பக் கோவையில் வைப்பதற்காகச் சேர்ச்சை நடத்தும் சபைக்காரர் தருவதாகச் சொன்ன நற்சான்றிதழும் போகும். சொல்லாமல் விட்டால் ஒன்றுமே நடக்காது, பலகை வெடித்தது என்றே எல்லோரும் நினைப்பார்கள். பழி வெறும் பலகைக்கு. இதையெல்லாம் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். நினைத்துக்கொண்டு நிற்கையில் அவர் கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். இனி இந்த மனுசி செம்பலோ வாசிக்கப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இஹ்... ஹைட்சுங்... கான்ஸ் ஹைஸ்!" என்று கத்தினேன். நான், ஹீட்டர், நல்ல சூடு. எனக்குத் தெரிந்த ஜேர்மன் அவ்வளவும் அந்த நேரத்தில் தொலைந்துபோய் இந்த நாலு சொல்தான் மிஞ்சியது. கையால் ஹீட்டரைத் திருப்பிக் காட்டினேன், ஜன்னலைத் திறந்து காட்டினேன், எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை விரல்விட்டு எண்ணிக் காட்டினேன்.

அவர் திரும்பி வந்தார். கையில் அந்தச் சுருதிச் சாவி. மண்டையில் ஒன்று போடப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். போடவில்லை. "வெடிக்கவில்லை!" என்று கத்தினார். செல்லோக்காரரைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினார். "பலகை வெடிக்கவில்லை! அது பழைய கோடு. காய்ந்துவிட்டது, அவ்வளவுதான், காய்ந்துவிட்டது!" அந்த ஆனந்தம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். சுவிஸ் ஜேர்மனில் ஐந்து நிமிடம் திட்டினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை, விளங்காததும் நல்லதுதான். செல்லோக்காரர் வாங்கில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சூட்டில் கம்பி நீளும், காற்று காய்ந்தால் பலகை சுருங்கும், காய்ந்து கிடக்கும் வரை சுருதி நிற்காது என்று செல்லோக்காரர் எனக்கு மெதுவாக விளங்கப்படுத்தினார். இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான், காற்றுக்கு ஈரம் வேண்டும். ஈரத்துணி தொங்கவிடலாம். ஆனால் சபை மண்டபத்தில் இருந்தது நான்கு மேசைவிரிப்பு. இவ்வளவு பெரிய சேர்ச்சுக்கு நான்கு மேசைவிரிப்பா? அகலமாக, நீளமாக, நிறையத் துணி வேண்டும் என்றார். அகலமும் நீளமும் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. தொலைபேசிக்கு ஓடினேன். எங்கள் அடுக்குமாடியில் ஐந்து தமிழ்க் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே தொலைபேசி. மனைவியைக் கூப்பிடச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, என்ன நடந்தது? பொலிஸ் வந்ததோ?"

"பொலிசும் இல்லை ஒண்டும் இல்லை. வீட்டில இருக்கிற சீலை முழுக்க எடுத்துக்கொண்டு கெதியா வா. மற்ற வீடுகளிலயும் கேள்."

"சீலையோ? சேர்ச்சுக்கோ? உங்களுக்கென்ன விசரே?"

"விசர்தான். வா. கதை பிறகு."

"கூறைச்சீலை தரமாட்டன், அதை இப்பவே சொல்லிப்போட்டன்" என்றுவிட்டு வைத்தாள்.

இரண்டரை மணி பஸ்ஸில் ஐந்து பெண்கள் வந்து இறங்கினார்கள், ஒவ்வொருவர் கையிலும் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ். பஸ் சாரதி இவர்கள் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள், பஸ் மாறி ஏறிவிட்டார்கள் என்று நினைத்து இறங்கவிட மறுத்தாராம். விஷயத்தைச் சொன்னதும் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சேர்ச் மறுபடியும் சூடாகியிருக்கும். ஆனால் அவள் என்னோடு மினக்கெடவில்லை. குளிர்மேலங்கியைக் கழற்றிவிட்டு, சமையலறைத் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். எங்கள் மாடியில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற மூத்தவர் மேற்பார்வையை எடுத்துக்கொண்டார். "நைலெக்ஸை ஆரடி கொண்டந்தது? அது தண்ணி பிடிக்குமே? பருத்தியை இஞ்சால தா. பிழிஞ்சு போடு, நிலத்தில சொட்டக்கூடாது." நைலெக்ஸைக் கழித்துப் பார்த்தால் இருபத்தொரு சீலை. நான் ஏணியில் ஏறி மேல்மாடத்துக் கைப்பிடி முழுக்கத் தொங்கவிட்டேன். வெள்ளைச் சுவர், மரவாங்கு, ஒரு படம்கூட இல்லாத அந்தச் சீர்திருத்தச் சபைச் சேர்ச்சில் பச்சையும் மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும்! கிடாரங்களில் கொதிநீர் கொண்டுவந்து நான்கு மூலையிலும் வைத்தோம். மூன்று மணிக்கெல்லாம் உள்ளே சோறு வடிக்கிற குசினி மாதிரி ஒரு மெல்லிய ஈரம்.

செம்பலோ அம்மா ஒரே ஒரு கம்பியைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தட்டிப் பார்ப்பார். இறங்கியிருக்கும். மறுபடி சேர்ப்பார். மூன்றாம் தரம் அது இறங்கவில்லை. அவர் கையை உயர்த்தினார், எல்லோரும் அமைதி. ஐந்து பெண்களும் கடைசி வாங்கில் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

"அவ ஏன் ஒண்டையே தட்டித் தட்டிக்கொண்டிருக்கிறா?" என்று மனைவி காதுக்குள் கேட்டாள்.

"சுருதி சேர்க்கிறா."

"தம்பூராவுக்கு நாலு கம்பி. இதுக்கு எத்தினை?"

"ஐம்பதுக்கு மேல."

"ஐயோ பாவம். எல்லாம் உங்களால."

நாலேகாலுக்குச் சீலைகளைக் கழற்றுவதாக ஏற்பாடு. அதற்குள் கதவு திறந்தது, கழுத்துப்பட்டி கட்டிய ஒல்லி மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். வானொலிக்காரர்! ஒரு மணி நேரம் முந்தி வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நான் ஏணியை எடுக்க ஓடினேன். "விடுங்கள், ஹெர்!" என்று செம்பலோ அம்மா சத்தமாகச் சொன்னார். "அது அப்படியே தொங்கட்டும். அதை எடுத்தால் நான் வாசிக்கமாட்டேன்." வானொலிக்காரர் தலையாட்டிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஊர்க்காரரும் வந்தார்கள். சேர்ச்சில் ஏதோ துணி காயப்போட்டிருக்கிறதாம் என்று வாய்க்கு வாய் போய், வழக்கமாக வராதவர்களும் பார்க்க வந்தார்கள். ஐந்து மணிக்கு இருக்க இடமில்லை. முழங்கால் விறைத்த பெண்கள் இருவரும் வந்திருந்தார்கள். பத்து டிகிரிதான், எல்லோரும் மேலங்கியோடு.

தலையை ஒரு வெட்டு. இடது தோள் உயர்ந்தது. ஏழு பேரும் பாய்ந்தார்கள்! அப்படியொரு துள்ளலை நான் இன்றுவரை கேட்டதில்லை. மற்ற நாட்களில் அந்தக் கல்மண்டபம் கிணறு மாதிரி எதிரொலிக்கும், ஒரு சுரத்தின் மேல் மற்றச் சுரம் ஏறி மிதிக்கும். அன்று சீலைகள் எதிரொலியைக் குடித்துவிட்டன. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கழுவி எடுத்த மாதிரி வந்தது. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டு நீளமானது. அது தொடங்கிச் சற்று நேரத்தில் "டிங்" என்று ஒரு சத்தம். செம்பலோவில் ஒரு கம்பி அறுந்துவிட்டது.

அறுந்த கம்பி பக்கத்துக் கம்பியின் மேல் சுருண்டு கிடந்தது. வலது கை ஓடும் இடத்தில், நட்டநடுவில். அந்தக் கட்டையைத் தொட்டால் கரகரவென்று எல்லாம் கெட்டுவிடும். எழும்பி நிறுத்துவார் என்று பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. வலது கை அந்த ஒரு கட்டையை மட்டும் தாண்டியது. மறுபடியும் அந்த இடம் வந்தது, மேலே போய் வேறு வழியால் இறங்கினார். அடுத்த தரம் கீழால் சுற்றி வந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சுரம் வர்ஜம்! ஒரு சுரத்தையே விலக்கிவிட்டு இராகம் பாடுகிறவர் போல, அது இல்லாமலே அந்த மனுசி வாசிக்கிறார்! வெறுந்தாளாக விட்ட வலது கை அல்லவா, யார் அவரைக் கேட்பது? செல்லோக்காரர் புரிந்துகொண்டு சிரித்தபடி வில்லை இழுத்தார். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். பாட்டு முடிந்ததும் ஊர்க்காரர் காலால் நிலத்தை உதைத்து ஆரவாரம் செய்தார்கள். சேர்ச்சில் அப்படிச் செய்து நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். மனைவியும்.

வானொலிக்காரர் எழும்பி நேராகச் செம்பலோவிடம் போனார். உள்ளே எட்டிப் பார்த்து அறுந்த கம்பியை விரலால் தூக்கினார். "நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டு முழுக்க நீங்கள் ஒரு சுரத்தைத் தொடவேயில்லை. ஏதாவது பழைய மரபா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். செம்பலோ அம்மா என்னைக் கை காட்டினார். "மரபில்லை. இவர் எங்களை வேகவைத்துவிட்டார்" என்றார். பிறகு நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார், நான் வாயைத் திறந்து ஒப்புக்கொண்டதையும். அந்த ஒல்லி மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஒரு சுரம் இல்லாமலே இப்படியென்றால், எல்லாச் சுரமும் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குக் கேட்க வேண்டும்" என்றார். சித்திரையில் ஒலிப்பதிவு. அதே சேர்ச். அந்தத் துணிகளும் அப்படியே தொங்க வேண்டும், இந்தத் தெளிவு தனக்கு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை செம்பலோ அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினார், வேலை வேண்டாமென்று. திங்கட்கிழமை சபைக்காரரிடம் போய், ஹீட்டர் விஷயம் தனக்கும் எனக்கும் இடையில் தீர்ந்துவிட்டது, இவரை விட நம்பிக்கையான ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார் என்றும் சொன்னாராம். நற்சான்றிதழ் அந்தக் கிழமையே கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் ஓடிய ஓட்டம்! ஏழு பேர் பன்னிரண்டு பேரானார்கள், பன்னிரண்டு இருபதானது. வியன்னா, பாரிஸ், இலண்டன் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் தபாலட்டை வரும். முகவரிக்கு மேலே 'ஹெர்', கீழே அந்த மண்டபத்தின் வெப்பநிலை எத்தனை டிகிரி என்ற விபரம். இருபது பேரை நடத்தும்போதும் செம்பலோவை விட்டு எழும்பவில்லை, தலைவெட்டையும் விடவில்லை. எங்களுக்கு நிரந்தர அனுமதி வந்தபோது அவர்தான் முதலில் பூங்கொத்தோடு வந்தார். இப்போது அவர் மேடையேறுவதில்லை. இப்போதெல்லாம் மண்டபங்களில் காற்றின் ஈரத்தை அளந்து தானாகவே சரிசெய்யும் கருவிகள் இருக்கின்றன. இன்றைய வாத்தியக்காரருக்கு எங்கள் கதையைச் சொன்னால் நான் அளக்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஆனால் என்னிடம் சாட்சி இருக்கிறது. அந்தச் சித்திரையில் பதிவு செய்த இசைத்தட்டு வெளிவந்தபோது, அதன் பின்பக்கத்தில் ஏழு வாத்தியக்காரரின் பெயர்களுக்கும் கீழே எட்டாவதாக என் பெயர் அச்சாகியிருந்தது. பெயருக்கு முன்னால் 'ஹீட்டர்' என்று போட்டிருந்தார்கள்.

எனக்குத் தலை கால் தெரியவில்லை. இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி முழுக்க ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வந்தால் மனைவி அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழாக வாசித்தாள். பிறகு திரும்பத் தந்தாள்.

"குழப்பினது நீங்கள். சீலை எங்கட. பேர் உங்கடயோ?"

அவள் விடவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் பொரித்துக்கொண்டு செம்பலோ அம்மாவிடம் போய், அதே கேள்வியைத் தன் ஜேர்மனில் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டாள். செம்பலோ அம்மா றோல்ஸைக் கையில் வைத்தபடி சிவந்துபோய் நின்றார், பிறகு ஒரு பென்சிலை எடுத்து ஐந்து பேரின் பெயரையும் எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டாவது இசைத்தட்டு அடுத்த வருஷம் வந்தது. பின்பக்கத்தில், 'காற்று' என்று போட்டு, அதற்கு நேரே அக்காவின் பெயரும் மனைவியின் பெயரும் மற்ற மூன்று பெயரும் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் இருந்தன. என் பெயரை இரண்டு தரம் தேடினேன். இல்லை.